கொப்பியில் இல்லாத நிரல்

பதின்மூன்றாவது துளையும் பிழையாகிப்போனது.

லோஜனா அந்த உருக்குத் துண்டை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்த மச்சாளிடம் நீட்டினாள். கேதீஸ்வரியும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். வாயில் அகலமாகத் தொடங்கிய துளை உள்ளே போகப்போக ஒடுங்கி ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள்.

“எழுதுங்கோ மச்சாள். மேல்வாய் மூன்று தசம் ஆறு மில்லிமீற்றர். கீழ்வாய் இரண்டு தசம் ஏழு.”

“புனல் மாதிரியெல்லே வந்திருக்கு.”

“புனலெண்டாலும் நேரா இருக்கும்.”

கேதீஸ்வரி கொப்பியில் எழுதினாள். துளை இலக்கம், வோல்ற்று, குழாய் இறங்கிய வேகம், உப்பின் அளவு, மேல்வாய், கீழ்வாய் என்று ஆறு நிரல்கள். எல்லாம் அவளுடைய கையெழுத்து. லோஜனாவின் எழுத்தை லோஜனாவாலேயே மறுநாள் வாசிக்க ஏலாது என்பதால், முதல் துளையிலிருந்தே கொப்பி கேதீஸ்வரியின் பொறுப்பாகிவிட்டது.

லோஜனா கேதீஸ்வரியின் தம்பி சுதாகரனைக் கட்டி, கொடிகாமத்திலிருந்து புங்குடுதீவு இறுப்பிட்டிக்கு வந்து ஆறு வருடம். யாழ்ப்பாணத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் பெடியன்களுக்கும் பெட்டைகளுக்கும் கடைசல் இயந்திரம் படிப்பிக்கிறாள். அதோடு பகுதி நேரமாக முதுமாணிப் பட்டமும் படிக்கிறாள். சுதாகரன் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு என்ஜின் திருத்துகிறவன். வீடு கேதீஸ்வரிக்குச் சீதனமாக எழுதப்பட்டது. சீதனம் இருந்தது, கலியாணம் நடக்கவில்லை. ஐம்பத்துநான்கு வயதில் அவள் அதைப் பற்றி யோசிப்பது, எப்போதோ ஒருநாள் தவறவிட்ட பஸ்ஸைப் பற்றி யோசிக்கிற மாதிரித்தான்.

குசினிக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டிலில்தான் அந்தப் பட்டத்து ஆய்வுக்காக லோஜனா பொருத்திய மெசின் நின்றது. மெசின் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். பழைய துளைபொறி ஒன்றின் கால், மின்சாரத்தைச் சீராக்கித் தருகிற பெட்டி ஒன்று, சுதாகரன் கொண்டுவந்து கொடுத்த சின்ன மோட்டர், உப்புத் தண்ணீருக்கு ஒரு நீலப் பிளாஸ்டிக் பரல், நடுவில் ஊசி மாதிரி ஒரு செப்புக் குழாய். இதற்கு ‘மின்னிரசாயனத் துளைப்பு’ என்று பெயர். முதல் நாள் லோஜனா அந்தப் பெயரைச் சொன்னபோது கேதீஸ்வரி, “சாமிக்கு வைக்கிற பேர் மாதிரி இருக்கு,” என்றாள்.

“இது குடையிறதில்லை மச்சாள், கரைக்கிறது,” என்று லோஜனா விளங்கப்படுத்தினாள். “இந்த உருக்கு காய்ச்சி, தோய்ச்சு, கல்லாக்கின உருக்கு. சாதாரண துளையூசி வைச்சால் ஊசிதான் முறியும். இந்தக் குழாய் உருக்கிலை முட்டவே முட்டாது. ரெண்டுக்கும் இடையிலை ஒரு நகத்தின்ரை தடிப்புக்கு இடைவெளி. குழாய்க்குள்ளாலை உப்புத் தண்ணி பாயும். கரண்டைக் குடுத்தால் குழாய்க்கு முன்னாலை இருக்கிற உருக்கு மட்டும் தானாக் கரைஞ்சு தண்ணியோடை போகும். எவ்வளவு கடினமான உருக்கெண்டாலும் அதுக்கு ஒண்டுதான்.”

முட்டாமல் துளைக்கிறது என்பது கேதீஸ்வரிக்குப் பிடித்துப்போயிற்று. எதற்காகப் பிடித்தது என்று அவள் தன்னையே கேட்டுப் பார்க்கவில்லை. பின்னேரம் நாலரைக்கு லோஜனா பஸ்ஸால் இறங்கி, தேத்தண்ணி குடித்து, கொட்டிலுக்குள் போனால் கேதீஸ்வரி கொப்பியோடு பின்னால் போவாள். இருபது இருபத்தைந்து நிமிடம் குழாய் மெல்ல மெல்ல இறங்கும். நீரில் குமிழி பொரிந்து வரும். பச்சையும் மண்ணிறமுமாகக் கசடு வழியும். அந்த நேரத்தில் இரண்டு பேரும் கதைப்பார்கள். கல்லூரிச் சண்டைகள், ஒழுங்கைப் புதினங்கள், சுதாகரன் சொல்லாமல் மறைத்த சங்கதிகள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் குழாயைப் பார்த்துக்கொண்டு கதைப்பதில் ஒரு வசதி இருந்தது. முகத்தைப் பார்த்தால் சொல்ல ஏலாதவையெல்லாம் அங்கே தானாக வந்தன. கேதீஸ்வரியின் நாளில் மற்ற மணித்தியாலங்கள் எல்லாம் அந்த ஒன்றை நோக்கித்தான் நகர்ந்தன.

முதல் ஒன்பது துளைகளும் வடிவாக வந்தன. வட்டமாக, நேராக, உள்சுவர் மினுங்க. பிறகுதான் இது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு, இன்றைக்குப் பதின்மூன்று.

லோஜனா செய்யாதது ஒன்றும் இல்லை. வோல்ற்றைக் குறைத்தாள். வேகத்தைக் கூட்டினாள். குழாயின் வெளிப்பக்கத்துக் காப்புப் பூச்சைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசினாள். மோட்டரைக் கழற்றிச் சுதாகரனிடம் கொடுத்தாள். அவன் பார்த்துவிட்டு, “மோட்டர் நல்ல சுகமா இருக்கு, எனக்குத்தான் குனிஞ்சு குனிஞ்சு நாரி நோகுது,” என்று திருப்பித் தந்தான். உப்பின் செறிவை அளக்கிற மிதவைக் கண்ணாடியும் அதே இலக்கத்தைத்தான் காட்டியது.

“எல்லாம் சரி மச்சாள். அப்ப பிழை என்ரை கையிலைதான்.” லோஜனா சீலைத்துணியில் விரல்களைத் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். “முதல் ஒன்பதும் ஏதோ குருட்டுவாக்கிலை வந்திருக்கு.”

“கையிலை பிழையெண்டால் ஒன்பது முறை குருட்டுவாக்கு வருமோ?”

“மாசக் கடைசிக்குள்ளை பதினெட்டுத் துளை காட்டவேணும். துண்டு ஐஞ்சுதான் மிச்சம். இனி ஏலாது. திங்கட்கிழமை கம்பசிலை என்னைப் பாக்கிற சேருக்கு எழுதிப்போட்டு விடப்போறன்.”

“என்னத்தை விடப்போறீர்?”

“படிப்பை.”

அவள் குழாயைக் கழற்றி மேசையில் வைத்தாள். வழக்கமாக உடனே அதை வினாகிரிப் போத்தலுக்குள் போடுகிறவள். செம்பில் பச்சை பிடிக்காமல் இருக்க அப்படிச் செய்வாள். இன்றைக்கு அதையும் செய்யவில்லை. விளக்கை அணைக்காமலே உள்ளே போய்விட்டாள்.

*

இறுப்பிட்டியில் தண்ணீர் என்றால் இரண்டு. கிணற்றுத் தண்ணீர் ஒன்று, பவுசர் தண்ணீர் ஒன்று. கிணற்றுத் தண்ணீர் உவர். அது முழுக, துவைக்க, ஏனம் கழுவ. பவுசர் என்கிற தாங்கி லொறியில் வருவது நல்ல தண்ணீர். குடிக்க, காய்ச்ச. பவுசர் செவ்வாயும் வெள்ளியும் வரும். ஒழுங்கையில் பதினான்கு வீடு. எந்த வீட்டுக்கு எத்தனை லீற்றர் என்ற பட்டியலைக் கேதீஸ்வரிதான் எழுதுவாள். ஆள்கணக்குப் பார்த்து, படுக்கையில் வருத்தக்காரர் இருக்கிற வீட்டுக்கு ஒரு கான் கூடப் போட்டு, வெளிநாட்டிலிருந்து விருந்தாள் வந்த வீட்டுக்கு ஒரு துளியும் கூடப் போடாமல் எழுதுவாள். எத்தனையோ வருடமாக அந்தப் பட்டியலில் ஒருவரும் சண்டை பிடித்ததில்லை. தன் வீட்டுக்கு அவள் ஒருநாளும் கூட எழுதியதில்லை என்பதுதான் அதற்குக் காரணம். அது அவளுக்கும் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

சோளகக் காற்றுத் தொடங்கி, வெயில் ஏறினதும் பவுசர் செவ்வாய்க்கிழமை மட்டும் என்றாகிவிட்டது. லோஜனாவின் பரலுக்கு நாற்பது லீற்றர் வேண்டும். முதல் முறை அதை நிரப்பியபோது கேதீஸ்வரி பவுசர் தண்ணீரைத்தான் ஊற்றினாள். இரண்டாம் முறை கான் கையில் இருக்கப் பரலைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நின்றாள். லீற்றருக்கு நூற்றைம்பது கிராம் ஆனையிறவு உப்பைக் கொட்டிக் கலக்கப் போகிற தண்ணீர். அதற்கு நல்ல தண்ணீர் எதற்கு? தண்ணீரில் இருக்கக்கூடிய ஒரே குற்றம் உப்பு. அந்த உப்பையே வேண்டுமென்று போடப்போகிறபோது உவரில் என்ன குற்றம்?

கானைத் திரும்பக் குசினியில் வைத்துவிட்டுக் கிணற்றில் அள்ளினாள். நாற்பது லீற்றர் நல்ல தண்ணீர் மிச்சம் என்று அன்று முழுவதும் மனதுக்குள் ஒரு சந்தோசம் இருந்தது. லோஜனாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. தோசைக்கு எந்த வாளியால் அள்ளினேன் என்று யாராவது சொல்வார்களா?

சனிக்கிழமை லோஜனாவுக்கு யாழ்ப்பாணத்தில் வகுப்பு. அவள் போன பிறகு கேதீஸ்வரி கொட்டிலைக் கூட்டப் போனாள். மேசையில் குழாய் கிடந்தது. அதன் வாயைச் சுற்றி வெள்ளையாக ஏதோ பிடித்திருந்தது. உப்புக் காய்ந்திருக்கிறது என்று நினைத்துத் தண்ணீரில் அலசினாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். கல்லு மாதிரிக் கரகரத்தது.

நகம் நின்றுவிட்டது.

அந்தக் கரகரப்பு அவளுக்குத் தெரியும். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற வீடுகளில் கேத்திலின் அடியில் இருப்பது அது. கத்தியால் கிண்டினாலும் லேசில் வராத சுண்ணாம்புப் படை. இதே ஒழுங்கையில் இருக்கிற றஞ்சனி வீட்டுக் கேத்திலை ஆட்டினால் உள்ளே கல்லுக் கிலுங்கும்.

குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெள்ளைப்படை ஒருபக்கம் தடிப்பாகவும் மற்றப்பக்கம் மெல்லியதாகவும் பிடித்திருந்தது. ஊசித் துவாரம் பாதி அடைபட்டிருந்தது. பதின்மூன்றாம் துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். துளை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று பார்க்கத் தேவை இருக்கவில்லை. ஆனாலும் பார்த்தாள்.

பெயின்ற் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்தாள்.

முதலில் வந்த யோசனை வெட்கங்கெட்ட யோசனை. ஆனால் அதுதான் முதலில் வந்தது. பரலைக் கவிழ்த்துவிட்டுப் பவுசர் தண்ணீரை நிரப்பி வைத்தால் போதும். அடுத்த துளை வடிவாக வரும். லோஜனா துள்ளுவாள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராது. ஒவ்வொரு துளைக்கும் பிறகு வினாகிரி கரைத்துக்கொண்டு போன படையை இன்றைக்குக் கேதீஸ்வரியே சுரண்டிவிட்டால் முடிந்தது.

அவள் கத்தியைக் கூட எடுத்துவிட்டாள்.

அப்போது லோஜனாவின் விரல்கள் நினைவுக்கு வந்தன. துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்த விரல்கள். மூன்று கிழமையாக அந்தப் பிள்ளை தன் கையை நம்பாமல் இருக்கிறாள். துளை திரும்ப நல்லாக வந்தாலும் ஏன் கெட்டது என்று தெரியாதவரைக்கும் அவள் நம்பமாட்டாள். இனிமேல் வருகிற ஒவ்வொரு நல்ல துளையையும் குருட்டுவாக்கு என்றே நினைப்பாள். கேதீஸ்வரிக்கு அது நன்றாகத் தெரியும். காரணம் தெரியாமல் ஒன்று கைவிட்டுப் போனால், பிறகு அது உன்னுடைய குறையாகத்தான் உனக்குள் தங்கிவிடும். இருபத்தாறு வயதில் பேசி வந்த இடம் காரணம் சொல்லாமல் திரும்பிப் போனபோது, அவள் எத்தனை வருடம் கண்ணாடிக்கு முன்னால் நின்று தேடியிருப்பாள்.

ஆனால் சொன்னால்? சொன்னால் லோஜனா என்ன நினைப்பாள்? கான் தண்ணீருக்காகத் தன் படிப்பைக் கெடுத்தவள் என்று நினைப்பாள். பின்னேரம் கொட்டிலுக்குப் போகும்போது “வாங்கோ மச்சாள்” என்று கூப்பிடமாட்டாள். அவ்வளவுதான் நடக்கும். அந்த அவ்வளவைத்தான் கேதீஸ்வரியால் தாங்க ஏலாது.

கத்தியை வைத்துவிட்டுக் கொப்பியையும் அடிமட்டத்தையும் எடுத்தாள். கடைசி நிரலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே ஒரு கோடு கீறினாள். தலைப்பில் ‘தண்ணீர்’ என்று எழுதினாள். ஒன்று தொடக்கம் ஒன்பது வரைக்கும் ‘பவுசர்’. பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. நாலு இடத்திலும் ‘கிணறு’. எழுத்து வழக்கம்போல வடிவாகத்தான் வந்தது. அது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

*

ஐந்து மணி பஸ்ஸால் வந்த லோஜனா கதிரையில் இருந்து செருப்பைக் கழற்றும்போதே கேதீஸ்வரி கொப்பியை அவளுடைய மடியில் வைத்தாள். குழாயையும் வைத்தாள்.

“என்ன மச்சாள் இது?”

“வாசியும்.”

லோஜனா வாசித்தாள். குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். கேதீஸ்வரி செய்ததையெல்லாம் அதே வரிசையில் செய்தாள். அப்புறம் கேதீஸ்வரியை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்களோ மாத்தினது?”

“ஓம். உப்புப் போடுற தண்ணிதானே எண்டு நினைச்சன்.”

“என்னட்டை ஒரு சொல்லு…”

“சொல்ல வேணுமெண்டு தெரியேல்லை, பிள்ளை. தெரிஞ்சிருந்தால் சொல்லியிருப்பன்.”

“மூண்டு கிழமை!” லோஜனாவின் குரல் உயரவில்லை, உடைந்தது. “மூண்டு கிழமையா நான் இரவிலை நித்திரை இல்லாமல் கிடந்தனான். பக்கத்திலை இருந்து எழுதிக்கொண்டிருந்தனீங்கள். எத்தினை வோல்ற்று, எத்தினை கிராம் எண்டு ஒவ்வொண்டாக் கேட்டு எழுதினனீங்கள். இதை மட்டும் எழுதேல்லை.”

“நிரல் இருக்கேல்லை.” சொன்ன பிறகு அது சாட்டுப் போலக் கேட்டது. கேதீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். “நிரல் இருந்திருந்தாலும் நான் ‘தண்ணீர்’ எண்டுதான் எழுதியிருப்பன். எந்தத் தண்ணி எண்டு யோசிச்சிருக்கமாட்டன்.”

லோஜனா எழும்பி அறைக்குள் போனாள். கதவு சாத்துகிற சத்தம் பெரிதாக இல்லை. பெரிதாகச் சாத்தியிருந்தால் கேதீஸ்வரிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பொழுதுபட வந்த சுதாகரன் வீட்டின் அமைதியைக் கேட்டுவிட்டுக் குசினி வாசலில் நின்றான். “என்ன அக்கா, பவுசர் வரேல்லையோ? ரெண்டு பேரும் தண்ணி காணாத வாழைக்கண்டு மாதிரி இருக்கிறியள்.”

“தண்ணியைப் பற்றிக் கதையாதை,” என்றாள் கேதீஸ்வரி.

அவன் விசயத்தைக் கேட்டுச் சிரிக்கத் தொடங்கி, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். பிறகு சோற்றுக்கோப்பையைத் தூக்கிக்கொண்டு, எந்த அறையில் இருந்து சாப்பிடுவது என்று தெரியாமல் நடுவிறாந்தையில் நின்றபடி சாப்பிட்டான்.

ஞாயிறும் திங்களும் லோஜனா அளந்து பேசினாள். “ஓம் மச்சாள்.” “வேண்டாம் மச்சாள்.” “வைச்சிருக்கு மச்சாள்.” கோபம் இருந்தாலும் மச்சாளை விடவில்லை. கேதீஸ்வரி அந்தச் சொல்லை ஒவ்வொரு முறையும் எண்ணாமல் எண்ணினாள். கொட்டிலுக்கு லோஜனா போகவில்லை. ஆனால் சேருக்கு எழுதியதாகவும் தெரியவில்லை. கொப்பி அவள் படுக்கையில் விரித்தபடி கிடந்தது.

திங்கள் பின்னேரம் வாசல்படியில் நின்று கேட்டாள்:

“வீட்டிலை நல்ல தண்ணி எவ்வளவு இருக்கு?”

“நாளைக்குப் பவுசர் வரைக்கும் குடிக்கக் காணும். மிச்சமில்லை.”

“இருபது லீற்றர் இருந்தால் ஒரு துளை போட்டுப் பாக்கலாம்.” சொல்லிவிட்டு, கேட்டதாக இல்லாமல் சொன்னதாகவே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

*

செவ்வாய் காலை பவுசர் ஒழுங்கை முகப்பில் வந்து நின்றபோது பெண்கள் எல்லாம் கானோடும் வாளியோடும் நின்றார்கள். பவுசர் ஓட்டுகிற இராயப்பு இறங்கி, வழக்கம்போலக் கேதீஸ்வரியிடம் கையை நீட்டினார்.

“பட்டியலைத் தாங்கோ அக்கா.”

கேதீஸ்வரி கொடுக்கவில்லை. தாளைக் கையில் பிடித்தபடி பெண்களின் பக்கம் திரும்பினாள். ஒழுங்கை முழுவதையும் பார்த்து அவள் இப்படி நின்றதில்லை. பட்டியலைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள், அவளை அல்ல.

“எனக்கு இருபது லீற்றர் கூட வேணும்,” என்றாள்.

மேரிசுகந்திதான் முதலில் வாயைத் திறந்தாள். “கேதீசக்கா பட்டியலுக்கு வெளியிலை தண்ணி கேக்கிறா! இராயப்பண்ணை, மழை வரப்போகுது, பவுசரைத் திருப்பிக்கொண்டு போங்கோ.”

“ஆருக்கு அக்கா? லண்டனிலை இருந்து மாப்பிள்ளை வாறாரோ?” என்றாள் றஞ்சனி.

“லோஜனாவின்ரை மெசினுக்கு.” கேதீஸ்வரிக்குக் காது சுட்டது. “நான் உவரை ஊத்திப் பழுதாக்கிப்போட்டன். நாலு துளை போச்சு. அதுதான் கேக்கிறன். தர மனமில்லாட்டில் பரவாயில்லை.”

“மெசின் தண்ணி குடிக்குமோ?” என்றார் இராயப்பு.

“உப்புப் போட்டுக் கரைச்சு, அதுக்குள்ளாலை கரண்டை விடுறது.”

“உப்புப் போடுறதோ?” றஞ்சனி வாளியைக் கீழே வைத்தாள். “உப்புப் போடுற தண்ணிக்கு ஆரக்கா நல்ல தண்ணி ஊத்துவினம்? நானெண்டாலும் கிணத்திலைதான் அள்ளியிருப்பன்.”

“நான் கடலிலையே அள்ளியிருப்பன், உப்பும் மிச்சம்,” என்றாள் மேரிசுகந்தி.

“ஓமோம். நல்ல தண்ணியிலை உப்பைக் கொட்டுறதோ! ஆருக்கு மனம் வரும்?” என்றாள் வரிசையில் நின்ற இன்னொருத்தி.

பின்னாலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. கேதீஸ்வரி திரும்பினாள். கல்லூரிக்கு வெளிக்கிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டியபடி லோஜனா நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. சிரிப்பை அடக்கப் பார்த்து, ஏலாமல், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஒழுங்கை முழுக்க இப்பிடித்தானோ?” என்றாள்.

“வேறை எப்பிடி?” றஞ்சனிக்கு உண்மையாகவே விளங்கவில்லை. “தண்ணியிலை உப்பை விட வேறை என்ன கிடக்கு?”

“கிடக்கு றஞ்சனியக்கா. உங்கட கேத்திலுக்குள்ளை கிலுங்கிறது கிடக்கு.”

லோஜனா கைப்பையை மதிலில் வைத்துவிட்டு, அங்கேயே நின்று சொன்னாள். இந்த மண்ணின் அடியில் சுண்ணாம்புக் கல். கிணற்று நீரில் அது கரைந்து நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. கரண்ட் போகும்போது அது குழாயின் வாயில் வந்து கட்டியாகப் பிடிக்கும். பிடித்த பக்கத்தால் கரண்ட் போகாது, தண்ணீரும் ஒழுங்காகப் பாயாது. அந்தப் பக்கம் உருக்குக் கரையாமல் நிற்க, துளை மற்றப்பக்கம் சாய்ந்துவிடும். பெண்கள் பாதி விளங்கி, பாதி விளங்காமல் கேட்டார்கள். கேதீஸ்வரி ஒரு சொல்லும் விடாமல் கேட்டாள். லோஜனா அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்காகத்தான் இவ்வளவு மெதுவாகச் சொல்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்தது. அலட்சியத்தால் செய்தது அல்ல, இந்த ஊரில் பிறந்த எவரும் செய்திருப்பதைத்தான் மச்சாளும் செய்தாள் என்று லோஜனா தனக்கே சொல்லிக்கொள்கிறாள் போலவும் இருந்தது.

“சரி, ரெண்டு லீற்றர் என்ரை,” என்று மேரிசுகந்தி முதலில் ஊற்றினாள். “துளை வந்தவுடனை எனக்குக் காட்டவேணும். இல்லாட்டில் தண்ணியைத் திருப்பித் தரவேணும்.”

கான் நிறைந்தது. இருபதுக்கு மேல் வந்தது. கேதீஸ்வரி வேண்டாம் வேண்டாம் என்று கையால் மறித்தும் வந்தது. வாங்குவது அவளுக்குப் பழக்கமில்லை. கண் கலங்கிவிடுமோ என்ற பயத்தில், “சிந்தாமல் ஊத்துங்கோவன்,” என்று எல்லாரையும் ஏசினாள்.

*

அன்று பின்னேரம் லோஜனா தேத்தண்ணிக் கோப்பையோடு கொட்டில் வாசலில் நின்று, உள்ளே திரும்பாமலே, “வாங்கோ மச்சாள்,” என்றாள்.

பதினான்காவது துளைக்கு இருபத்திரண்டு நிமிடம் எடுத்தது. இரண்டு பேருடைய கண்ணும் குழாயிலேயே இருந்தது. குமிழி சீராகப் பொரிந்தது. குழாய் மறுபக்கம் வெளிவந்ததும் லோஜனா துண்டைக் கழற்றிக் கழுவி, தான் பார்க்காமல் முதலில் மச்சாளிடம் கொடுத்தாள். கேதீஸ்வரி ஒரு கண்ணை மூடினாள். துளைக்கு அப்பால் வாசலில் தொங்கிய துவாய் சின்ன வட்டமாகத் தெரிந்தது. சுவர் மினுங்கியது.

“வந்திட்டுது,” என்றாள்.

லோஜனா அளந்தாள். “மேல்வாய் மூன்று தசம் இரண்டு. கீழ்வாய் மூன்று தசம் ஒன்று. எழுதுங்கோ.” கைகளை முன்னால் நீட்டி, உள்ளங்கையையும் புறங்கையையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு அதை மறந்துவிட்டு அடுத்த துண்டை எடுத்தாள்.

“இன்னும் நாலுதான் இருக்கு, கவனம்,” என்றாள் கேதீஸ்வரி.

“ஓம். இப்ப நீங்கள் போய்க் கிணத்திலை ஒரு வாளி அள்ளிக்கொண்டு வாங்கோ.”

“என்னத்துக்கு?”

“இந்தத் துண்டுக்கு.”

கேதீஸ்வரி கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “உமக்கென்ன விசரே? நல்ல உருக்கை வேணுமெண்டு பழுதாக்கிறதோ?”

“வேணுமெண்டுதான் மச்சாள். குழாய், வோல்ற்று, வேகம், உப்பு எல்லாம் இதே அளவு. தண்ணி மட்டும் வேறை. அப்ப பிழைச்சால்தான் பிழை தண்ணியிலை எண்டு நான் சேருக்குச் சொல்லலாம். இல்லாட்டில் வெறும் கதை.”

“பிழைக்காட்டில்?”

“பிழைக்காட்டில் திரும்பவும் என்ரை கைதான்.”

கேதீஸ்வரி கொப்பியை மேசையில் வைத்தாள். வாளியோடு கிணற்றடிக்குப் போனாள். அள்ளும்போது, கடவுளே, இந்தத் தண்ணீரில் நல்லாகச் சுண்ணாம்பு இருக்கவேண்டும் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். அடியில் கலங்கினதாகப் பார்த்து இன்னொரு வாளியும் அள்ளினாள். பிறகு அது கள்ளத்தனம் என்று தோன்றி, ஊற்றிவிட்டு, வழக்கமாக அள்ளுகிற மாதிரியே அள்ளினாள்.

பதினைந்தாவது துளை இறங்கியபோது இரண்டு பேரும் குனிந்து, தலையோடு தலை முட்ட, குழாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாம் நிமிடம் குமிழி ஒருபக்கமாகப் போகத் தொடங்கியது. பதினைந்தாம் நிமிடம் நீர்த்தாரை மெலிந்தது. பிறகு ஒரு சின்னப் பொறி தெறித்து அணைந்தது.

“சாயுது,” என்றாள் கேதீஸ்வரி.

“பொறுங்கோ.”

“சாயுது பிள்ளை, வடிவாத் தெரியுது.”

லோஜனா கழற்றினாள், கழுவினாள், அளந்தாள். “மேல்வாய் மூன்று தசம் ஐந்து.” மூச்சை இழுத்தாள். “கீழ்வாய் இரண்டு தசம் எட்டு.”

“கோணலோ?”

“கோணல்! சுவர் முழுக்கக் குழி!”

கேதீஸ்வரி சிரித்துவிட்டாள். லோஜனா அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கினாள். உப்புத் தண்ணீர்க் கையால் பிடித்ததில் சட்டை நனைந்துபோனது. சத்தம் கேட்டுச் சுதாகரன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடி வந்தான்.

“நல்லா வந்திட்டுதோ?”

“இல்லை,” என்றாள் கேதீஸ்வரி. “நல்ல வடிவாப் பிழைச்சிட்டுது.”

அவன் ஒருத்தியை மாறி ஒருத்தியைப் பார்த்தான். சனிக்கிழமை இரண்டு பேரும் பேசாமல் இருந்தது அவனுக்கு விளங்கியது. இது விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்தவன் போலக் கோப்பையில் மிச்சமிருந்த தேத்தண்ணியை எடுத்துக் குடித்தான்.

லோஜனா போனை எடுத்துச் சேரை அழைத்தாள். மூன்று துண்டுதான் கைவசம் இருக்கிறது, இன்னும் ஒரு ஒன்பது துண்டும் கொஞ்ச நாளும் வேண்டும் என்றாள். கெட்ட துளைகளுக்குக் காரணம் தெரிந்துவிட்டது, தண்ணீரின் தன்மையையும் துளையைப் பாதிக்கிற காரணிகளில் ஒன்றாகச் சேர்க்கப் போகிறேன் என்றாள். மறுபக்கம் அவர் நெடுநேரம் கேட்டார். கேதீஸ்வரி பதினைந்தாம் வரிசையில் ‘கிணறு’ என்று எழுதி, எழுதிய மை காயும்வரை கொப்பியை மூடாமல் பிடித்திருந்தாள்.

“ஆர் சேர், நானோ? நான் இல்லை,” என்று லோஜனா போனில் சொல்வது கேட்டது. “என்ரை மச்சாள்தான் கண்டுபிடிச்சவ.”

கேதீஸ்வரி நிமிர்ந்தாள். “கண்டுபிடிச்சதோ? செய்ததெண்டு சொல்லும்!” என்றாள், சேருக்கே கேட்கிற மாதிரி.

லோஜனா போனைக் கையால் பொத்தினாள். “ரெண்டும் எண்டு சொல்லுறன். பேசாமல் இருங்கோ.”